ஒரு சோபாவின் இரண்டு ஓரங்கள்: பழைய மேசையும் புது மேசையும் ஒரே ஹாலில்

பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி ஹால். நீளச் சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. அதன் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி இரண்டு சின்ன மேசைகள், முன்னால் அதே ஜாடையில் ஒரு டீப்பாய். மூன்றும் ஒரே செட். புகைப்படம் எடுத்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மேசைகள் பிடிக்கவில்லை. மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்த பிரச்சினை வந்தது. கணவருக்குப் பழைய மரச் சாமான்கள் மேல் ஆசை, மனைவிக்கு ஒல்லியான கால் வைத்த நவீன மேசைகள் மேல். "ரெண்டுல எது எங்க ஹாலுக்குச் செட் ஆகும்னு நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் நான்கு பேர். கணவர், மனைவி, கணவரின் அம்மா, மூன்று வயதுக் குழந்தை. இந்த நான்கு பேரையும் தெரிந்துகொள்வது மேசையின் பாணியைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம் என்பது என் கருத்து. பழையதா புதியதா என்பதை அறை முழுவதற்கும் சேர்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனியாக முடிவு செய்யலாம். இந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பழைய செட்டில் என்ன தப்பு

மேசையைப் பார்ப்பதற்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டிய பொருட்கள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தேன். போன் சோபாவின் கைப்பிடி மேல். தண்ணீர் டம்ளர் தரையில், சோபாவின் கால் ஓரமாக. மூக்குக் கண்ணாடி மெத்தை இடுக்கில். ரிமோட் டீப்பாயின் நடுவில், எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும். ஓர மேசைகள் மேல் இருந்தவை ஒரு பூச்சாடியும் ஒரு போட்டோ ஃபிரேமும்தான். கைக்கு அடிக்கடி தேவைப்படுகிற எதுவும் அங்கே இல்லை.

டேப்பை எடுத்ததும் காரணம் தெரிந்தது. சோபாவின் கைப்பிடி தரையிலிருந்து 24 இன்ச். மேசைகள் 18 இன்ச். உட்கார்ந்தபடி ஒரு டம்ளரை வைக்க வேண்டுமானால் கைப்பிடியைத் தாண்டி அரை அடி கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்க வேண்டும். யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். ஓர மேசையின் மேல்பலகை கைப்பிடிக்குச் சமமாகவோ, ஓரிரண்டு இன்ச் முன்பின்னாகவோ இருக்க வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். மரம், பாலிஷ், பாணி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மற்ற அளவுகள்: சோபாவின் ஆழம் 36 இன்ச். மேசை அதைவிடக் குறைவான ஆழத்தில் இருந்தால்தான் முன்பக்கம் துருத்தாது. சோபாவின் இடது ஓரத்துக்கும் சுவருக்கும் இடையே 30 இன்ச், பக்கத்தில் ஜன்னல். வலது ஓரத்துக்கும் உள்ளறைக் கதவின் நிலைக்கும் இடையே 44 இன்ச். அந்த 44 இன்ச்சில்தான் எல்லோரும் நடந்து போகிறார்கள். அங்கே இருந்த மேசை 20 இன்ச் அகலம், மிச்சம் 24. கையில் துணிக்கூடையோ தட்டோ இருந்தால் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். நடைவழிக்கு 30 இன்ச்சாவது விட வேண்டும்.

ஆக, இடது ஓரத்துக்கு இடம் தாராளம். வலது ஓரத்துக்கு இடமே இல்லை. ஒரே மாதிரி இரண்டு மேசை என்ற யோசனை இந்த அறையில் தொடக்கத்திலிருந்தே பொருந்தாதது.

யார் எங்கே

இடது ஓரம் பாட்டியின் இடம். ஜன்னல் வெளிச்சத்தில் படிப்பார், மாத்திரை போடுவார். அவரிடம் என்ன மாதிரி மேசை வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில்: "தம்பி, அழகெல்லாம் நீங்க பாத்துக்கோங்க. எனக்கு ஊணி எழுந்திருக்க ஒண்ணு வேணும். இது ஆடுது."

இந்த ஒரு வாக்கியம்தான் பாதித் தேர்வை முடித்து வைத்தது. வயதானவர்கள் சோபாவிலிருந்து எழும்போது கை தானாகப் பக்கத்தில் இருப்பதன் மேல் போகும். கைப்பிடி மெத்தென்று இருந்தால் மேசைமேல்தான் போகும். அந்த நேரத்தில் மேசை நகர்ந்தாலோ சாய்ந்தாலோ கீழே விழுவது மேசை மட்டுமல்ல. இதற்காகவே செய்த கைப்பிடிச் சட்டங்கள் உண்டு, அவைதான் முறையான வழி. அதையும் சொன்னேன். ஆனால் சட்டம் வந்தாலும் கை மேசைக்குப் போவதை நிறுத்த முடியாது. எனவே இடது பக்கத்துக்குக் கனமான, நான்கு கால் உள்ள மேசை.

வலது ஓரம் கணவனும் மனைவியும் மாறி மாறி உட்காரும் இடம். லேப்டாப், சூடான கப், சார்ஜர், குழந்தையின் கலர் பென்சில். குழந்தை ஓடுவதும் அந்த வழியாகத்தான். அங்கே தேவை ஒல்லியான, கூர் மூலை இல்லாத, எதைக் கொட்டினாலும் துடைத்துவிடக்கூடிய ஒன்று.

பழையவற்றில் மூன்று

கணவர் ஏற்கனவே பார்த்து வைத்திருந்தவை மூன்று. மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தோம்.

முதலாவது மகோகனியில் செய்த வட்ட மேசை. நடுவில் கடைந்த ஒற்றைத் தண்டு, கீழே மூன்று வளைந்த கால், மேல்பலகையை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவலாக இருந்த வடிவம் இது. வேலை முடிந்ததும் பலகையை நிமிர்த்தி ஓரங்கட்டிவிடுவதற்காகச் செய்தது. நாங்கள் பார்த்தது அந்த வடிவத்தில் பின்னாளில் செய்த பிரதி. அழகில் மூன்றிலும் இதுதான் முதல். வேண்டாம் என்று சொன்னதும் இதைத்தான்.

காரணம் கணக்குதான். மேல்பலகையின் ஆரம் 12 இன்ச். மையத்திலிருந்து ஒவ்வொரு கால் நுனியும் 10 இன்ச் தள்ளி. பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மூன்று கால்களை இணைத்து முக்கோணம் போட்டால், இரண்டு கால்களுக்கு நடுவே மையத்திலிருந்து அந்தக் கோட்டின் தூரம் சரிபாதி, 5 இன்ச்தான். அதைத் தாண்டி வெளியே அழுத்தினால் மேசையின் எடை ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பக்கக் கால் உடனே தரையை விட்டு எழுந்தது. பூச்சாடிக்குப் போதும், பாட்டியின் கைக்குப் போதாது.

இன்னொன்று, அதன் பலகை உண்மையில் வட்டமாக இல்லை. மர இழை போகும் திசையில் அளந்தால் 24 இன்ச், குறுக்கே அளந்தால் சில மில்லிமீட்டர் குறைவு. மரம் காயும்போது இழையின் நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதனால் முழுப்பலகையில் செய்த வட்ட மேசை காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகிவிடும். பழசு என்று சொல்லி விற்கும் வட்ட மேசை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். வெனீர் (தாள் போன்ற மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டாவது, பித்தளைச் சட்டத்தில் கண்ணாடி பதித்த மேசை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணி. சட்டம் உறுதியாக இருந்தது. கண்ணாடியின் மூலைகளில் டெம்பர்டு என்று காட்டும் முத்திரை எதுவும் இல்லை. டெம்பர்டு கண்ணாடி உடைந்தால் மழுங்கிய சின்னத் துண்டுகளாக உதிரும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீளத் துண்டுகளாகப் பிளக்கும். முத்திரை இல்லாத பழைய கண்ணாடியைச் சாதாரணக் கண்ணாடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே அளவில் புதிதாக டெம்பர்டு கண்ணாடி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், பெரிய வேலையில்லை. ஆனால் நான்கு மூலையும் கூர், குழந்தையின் முகத்துக்குச் சரியான உயரம். விட்டுவிட்டோம்.

மூன்றாவது, தேக்கில் செய்த சதுர மேசை. உயரம் 23 இன்ச், அகலமும் ஆழமும் 22. ஒரு டிராயர், கீழே ஒரு தட்டு. பார்வைக்கு ரொம்பச் சாதாரணம். மனைவி பார்த்த உடனே, "இதையா அவ்வளவு தூரம் வந்து பாக்கணும்?" என்றார். எனக்கு அதைத் தூக்கியபோதே பிடித்துவிட்டது. நல்ல கனம்.

கவிழ்த்துப் பார்த்ததில்

பழைய மேசையை மேலே பார்த்து வாங்கக் கூடாது, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேலே பாலிஷ் போடுபவர்கள் கீழே போடுவதில்லை.

முதலில் டிராயரை முழுக்க வெளியே எடுத்தோம். முன்பலகையும் பக்கப்பலகையும் புறாவின் விரிந்த வால் போன்ற பற்களால் ஒன்றுக்குள் ஒன்று பூட்டப்பட்டிருந்தன. பற்கள் ஒரே அளவில் இல்லை, ஓரத்தில் தச்சர் ஊசியால் கீறிய குறிக்கோடு மெல்லிசாகத் தெரிந்தது. கையால் வெட்டியது. இயந்திரம் வெட்டினால் எல்லாப் பல்லும் அச்சடித்தது போல ஒரே அளவில் வரும். அடிப்பலகை பசை போட்டு ஒட்டாமல் காடிக்குள், அதாவது மரத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், சும்மா நுழைத்திருந்தது. மரம் ஈரத்துக்கு உப்பவும் காய்ந்தால் சுருங்கவும் இடம் விட்ட வேலை. டிராயர் ஓடும் கட்டைகளில் வருடக்கணக்கில் தேய்ந்த பள்ளம். போலியாகப் பழசாக்குகிறவர்கள் மேற்பரப்பில் சங்கிலியால் அடித்துக் காயம் பண்ணுவார்கள். இந்தத் தேய்மானத்தை உருவாக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒற்றைக் கோடு தலை. கீழ்த்தட்டைப் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூ மட்டும் கூட்டல் குறித் தலை. அந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1936இல். எனவே ஒன்று மேசை அதற்குப் பிந்தையது, அல்லது அந்தத் தட்டு பின்னால் பழுது பார்க்கப்பட்டது. அதைச் சுற்றி இன்னொரு பழைய ஓட்டை அடைக்கப்பட்டிருந்ததால் பழுது என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்கால் ஒன்றில் நாலைந்து சின்ன ஓட்டைகள், ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். உளு. கணவரின் முகம் சட்டென்று மாறியது. ஓட்டை இருப்பதே மேசையை ஒதுக்கக் காரணமாகாது, உள்ளே பூச்சி இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டையின் உள்விளிம்பு கறுத்திருந்தால் பழசு, வெட்டிய மரம் போல வெளுத்திருந்தால் புதுசு. இங்கே கறுத்திருந்தது. அத்தோடு விடாமல் ஒரு மெல்லிய ஊசியால் காலைப் பல இடத்தில் அழுத்திப் பார்த்தோம். எங்கேயும் உள்ளே இறங்கவில்லை. வாங்கிய பிறகும் நேராக ஹாலுக்குக் கொண்டுவரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் கறுப்புக் காகிதத்தின் மேல் வாரக்கணக்கில் நிற்க வைத்தார்கள். பூச்சி உயிரோடு இருந்தால் மாவு போன்ற தூள் காகிதத்தில் விழும், கறுப்பில் உடனே தெரியும். எதுவும் விழவில்லை. கோடை தொடங்கும் நேரத்தில் ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டு வெளியே வருவது பெரும்பாலும் வெப்பமான மாதங்களில்தான்.

அடுத்தது பாலிஷ். இந்த மேசை விஷயத்தில் முடிவைத் தீர்மானித்ததே இதுதான். பழைய மேசை என்றாலே பெரும்பாலும் அரக்குப் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது. தொட்டால் மிருதுவாக, உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும். ஆனால் ரொம்ப நோஞ்சான். அரக்கு 75 டிகிரி செல்சியஸுக்கு அருகே உருகிவிடும், சூடான பாத்திரத்தை வைத்தால் அச்சு விழும். ஈர டம்ளரை வைத்துவிட்டுப் போனால் வெள்ளை வளையம். ஆல்கஹாலில் கரைந்தே போகும். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற கை கழுவும் சானிடைசர் முக்கால்வாசி அதுதான். பாட்டியின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சானிடைசர் பாட்டில் இருந்ததை நான் முதலிலேயே பார்த்திருந்தேன்.

விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணில் படாத இடத்தில் சோதனை செய்தோம். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுக் காலின் உள்பக்கத்தில் சில விநாடி தேய்த்தேன். இடம் பிசுபிசுத்தது, பஞ்சு தேன் நிறத்துக்கு மாறியது. அரக்குதான். அதையே மேல்பலகையின் அடி விளிம்பில் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. தின்னரால் தேய்த்தேன். 1920களிலிருந்து சாமான்களுக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருந்தால் அதில் இளகியிருக்கும். அப்போதும் பஞ்சு சுத்தமாகவே இருந்தது. ஆக, யாரோ முந்தைய சொந்தக்காரர் மேல்பலகையை மட்டும் சுரண்டிவிட்டு பாலியூரிதேன் வகைப் பூச்சு அடித்திருக்கிறார்.

பழம்பொருள் சேகரிப்பவர் இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார், அசல் பாலிஷ் போன சாமானுக்கு மதிப்பு குறைவு. இந்த வீட்டுக்கோ இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்திருக்காது. தண்ணீர் டம்ளர், சானிடைசர், சூடான கப் மூன்றையும் தாங்கும் மேல்பலகை, அதன் கீழே கைவேலைத் தேக்கு. முழு அரக்குப் பாலிஷில் இருந்திருந்தால் இந்த மேசையை இடது ஓரத்துக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். கண்ணாடி வெட்டி மேலே போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஈரம் புகுந்தால் காயாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கால் லேசாக ஆடியது. இது குறையாகத் தெரிந்தாலும் பழைய மேசையில் சரிசெய்ய எளிதான குறை. அந்தக் காலத்து வச்சிரப் பசை வெதுவெதுப்புக்கும் ஈரத்துக்கும் இளகும். இணைப்பைப் பிரித்து மறுபடி பசை வைத்து இறுக்கிவிடலாம், பழைய பசைமேலேயே புதிதும் பிடிக்கும். இப்போதைய வெள்ளைப் பசையில் அப்படி முடியாது, பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். தச்சர் அந்தக் காலைக் கழற்றி மாட்டிய பிறகு நான்கு காலும் தரையில் ஒட்டி நின்றது. சறுக்காமல் இருக்க ஒவ்வொரு காலின் அடியிலும் ரப்பர் ஒட்டினார். ஃபெல்ட் ஒட்டினால் தரை கீறாது, ஆனால் மேசை வழுக்கும். ஊன்றி எழுகிறவர் பக்கத்து மேசைக்கு ஃபெல்ட் கூடாது.

இங்கே ஒரு இடைச்செருகல். நூக்கு (ரோஸ்வுட்) மரத்தில் செய்த பழைய மேசை எதையாவது வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் விதிகளைப் பாருங்கள். பிரேசில் நூக்கு 1992இலிருந்து, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, மற்ற நூக்கு இனங்கள் 2017இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. ஆவணம் இல்லாத மேசை சுங்கத்தில் நின்றுவிடலாம். பெயின்ட் அடித்த பழைய மேசை என்றால் வேறொரு கவலை, ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். பெயின்ட் உரியும் பழைய மேசையைச் சோதிக்காமல் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

புதியவற்றில்

மனைவியின் பட்டியல் நீளம். சிலவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம்.

மரத்தூள் பலகையில் செய்த பெட்டி போன்ற மேசை: விளிம்புப் பட்டை உரிந்து தண்ணீர் உள்ளே போனால் உப்பிவிடும், திரும்பாது. திருகுப் பூட்டில் இணைத்தவை என்பதால் இரண்டு முறை கழற்றி மாட்டினால் தொளதொளக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயுவின் வெளியேற்றம் குறைவு என்று காட்டும் இ1 குறியாவது இருக்க வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மேசைகள்: பழைய யோசனை. இங்கிலாந்தின் மரச் சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் ஷெரட்டன் 1803இலேயே நான்கு மேசை கொண்ட அடுக்கைப் பற்றி எழுதியிருக்கிறார், 1920களில் ஜெர்மன் கலைஞர் ஜோசப் ஆல்பெர்ஸ் அதற்கு வண்ணக் கண்ணாடி மேல்பலகை கொடுத்து நவீனமாக்கினார். இடம் மிச்சம் என்பார்கள். உள்ளே இருப்பதை ஒருமுறை வெளியே எடுத்தால் யாரும் திரும்ப உள்ளே தள்ளுவதில்லை. இந்த ஹாலில் அது போய் நிற்கும் இடம் நடைவழிதான்.

ஒற்றைத் தண்டில் நிற்கும் பளிங்கு மேசையை விட மனைவிக்கு மனசில்லை. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து 1957இல் நோல் என்ற மேசை நாற்காலி நிறுவனம் வெளியிட்ட வரிசையின் சாயலில் வந்தது அது. மேசை நாற்காலிகளுக்கு அடியில் கால்கள் காடாக மண்டிக்கிடப்பது சாரினெனுக்குப் பிடிக்கவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே தண்டாக்கினார். மூலை இல்லை, கனமான அடித்தளம், குழந்தைக்கும் ஆபத்து குறைவு. பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல் என்பதால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் பளபளப்பு செத்து மங்கல் விழும். சீலர் அடித்தால் கறை பிடிப்பதைத் தடுக்கும், இந்த மங்கலைத் தடுக்காது. அதையும் சகித்துக்கொள்ளலாம். ஆனால் குறுக்களவு 20 இன்ச். வலது ஓரத்தில் நடைவழி மறுபடி 24 இன்ச்சுக்கு வந்துவிடும். இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல மேசையை விட்டோம்.

எடுத்தது, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி இருக்கும் இரும்பு மேசை. ஒரு பக்கம் மட்டும் தண்டு, கீழே தட்டையான அடித்தளம் சோபாவுக்கு அடியில் நுழையும். வடிவமைப்பாளர் எய்லீன் கிரே 1927இல் பிரான்ஸின் கடலோரத்தில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காக வடிவமைத்த எஃகுக் குழாய் மேசையின் தூரத்து வாரிசு. அவருடையதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இதில் முடியாது.

இந்த வகையில் மலிவானவற்றில் பெரும்பாலானவை ஒரு இடத்தில் கோட்டைவிடும். அடித்தளம் மேல்பலகையைவிடக் குட்டையாக இருக்கும். பலகையின் நுனியில் லேப்டாப்பை வைத்துக் கையை ஊன்றினால் கவிழும். அடித்தளத்தின் நீளமும் அகலமும் மேல்பலகைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், நேர் கீழாக எவ்வளவு அழுத்தினாலும் சாயாது. வாங்கியதில் இரண்டும் 12க்கு 20 இன்ச், மூலைகள் வளைந்தவை, பவுடர் கோட்டிங். சோபாவின் அடியில் 2 இன்ச் இடைவெளி இருந்தது, அடித்தளத்தின் தடிமன் அரை இன்ச். சோபா தரையோடு ஒட்டியிருக்கும் வீடுகளில் இந்த மேசையே உதவாது, அளக்காமல் வாங்காதீர்கள். உயரம் 25 இன்ச், அதாவது 24 இன்ச் கைப்பிடிக்கு மேலே ஏறி உட்காரும். ஒதுக்கி வைத்தால் நடைவழி 32 இன்ச். லேப்டாப் வேலைக்குக் கைப்பிடிமேல் இழுத்தால் வழி முழுக்கத் திறந்துவிடும்.

இரண்டும் சேர்ந்து எப்படி இருக்கிறது

கணவரின் கவலை இதுதான். தேக்கும் கறுப்பு இரும்பும் ஒரே சோபாவின் இரண்டு பக்கத்தில் ஒட்டாமல் நிற்காதா? "ஒரு பக்கம் தாத்தா காலம், ஒரு பக்கம் ஆபீஸ்."

புது மேசையின் மேல்பலகையைத் தேக்கு நிறத்தில் எடுக்கலாம் என்று முதலில் யோசித்தார்கள். நான் மறுத்தேன். பழுப்பு மரம் இரண்டு, கொஞ்சம் முன்பின்னான நிறத்தில், பொருத்த முயன்று தோற்ற மாதிரி தெரியும். தெளிவாக வேறாக இருந்தால் வேண்டுமென்றே செய்தது புரியும். தேக்கு மேசையின் டிராயர் குமிழ் கறுத்த இரும்பு. அதை மாற்றி பளபளப்பான பித்தளை போட இருந்தார்கள், அப்படியே விடச் சொன்னேன். இரண்டு மேசைக்கும் பொதுவானது அந்தக் கறுப்பு ஒன்றுதான், போதும்.

உயரத்தில் 23க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படவில்லை, நடுவில் ஏழடி சோபா இருக்கிறது. படக்கூடியது விளக்கு. விளக்கின் கூடையின் (ஷேட்) கீழ் விளிம்பு உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து 40, 42 இன்ச்சில் இருந்தால் பல்பு கண்ணைக் குத்தாது, பக்கத்தில் வெளிச்சம் விழும். தேக்கு மேசை 23, அதன்மேல் கூடை விளிம்பு வரை 18 இன்ச் உள்ள விளக்கு, மொத்தம் 41. இரும்பு மேசைமேல் விளக்கு வைக்க முடியாது, அது நகர்ந்துகொண்டே இருப்பது. வலது பக்கம் சுவரோரம் ஒரு தரை விளக்கு, கூடை விளிம்பு அதே 41 இன்ச்சில். இரண்டு கூடையும் ஒரே துணி. மாலையில் விளக்கு போட்டதும் அறையின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறது. கீழே மேசைகள் வேறு வேறு என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு

பாட்டியின் மேசைமேல் மாத்திரை டப்பா, கண்ணாடி, சானிடைசர், தண்ணீர். டிராயருக்குள் என்ன இருக்கிறது என்று யாரையும் பார்க்க விடுவதில்லை. மருமகள், "அத்தை, டிராயர் இறுகிப் போச்சா, நான் திறக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "நானே திறந்துக்குவேன்" என்று பதில். மழைக்காலத்தில் அது உண்மையிலேயே இறுகியது. இழைப்புளி போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், காய்ந்ததும் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். ஓடும் கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்கள், ஓடுகிறது.

இரும்பு மேசையில் இரண்டு குறை. மங்கலான கறுப்பில் கைரேகை அப்படியே தெரிகிறது. அப்புறம், குழந்தை அதைத் தள்ளுவண்டியாக்கிவிட்டான். அடித்தளத்தின் கீழ் ரப்பர் ஒட்டியதும் தள்ளுவது குறைந்தது, ஆனால் பெரியவர்கள் இழுப்பதும் கொஞ்சம் கடினமாகிவிட்டது. பழைய செட்டின் 18 இன்ச் மேசைகள் இரண்டும் இப்போது அவன் படம் வரையும் இடம். அவனுக்கு அந்த உயரம் சரியாக இருக்கிறது.

கணவர் தேக்கு மேசையின் மேல்பலகையைச் சுரண்டி மறுபடி பிரெஞ்சு பாலிஷ் போட வேண்டும் என்கிறார், மேலும் கீழும் ஒரே ஒளியாக வருமாம். வரும். பாட்டி அந்த ஓரத்தில் உட்காரும்வரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விளக்கு வயருக்குப் பின்பக்கம் ஓட்டை போடவும் கேட்டார். அதுவும் வேண்டாம். பின்காலோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டினால் போதும். பசை கிளிப் மட்டும் ஒட்டாதீர்கள், கால் இன்னும் அரக்குப் பாலிஷ்தான், எடுக்கும்போது பாலிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.